ரிவெட்டை எடுத்து ஓரமாக வையுங்கள்: எச்.எம்.எஸ். வாரியரை 1/72 அளவில் கட்டும் முறை

இரும்புக் கவசக் கப்பல் ஒன்றை மாதிரியாகச் செய்யப் போகிறேன் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது ரிவெட், அதாவது தகடுகளைப் பிணைக்கும் ஆணியின் தலை போலப் புள்ளி பதிக்கும் பல்சக்கரம். வாங்கியிருந்தால் டிராயரில் போட்டுப் பூட்டிவிடுங்கள். நான் எடுத்துக்கொண்ட கப்பலின் கவசத்தில் புடைத்து நிற்கும் ரிவெட் தலையே கிடையாது. கவசத் தகடுகளைப் பிடித்திருந்த போல்ட்டுகளின் தலைகள் கூம்பு வடிவில் தகட்டுக்குள்ளேயே அமிழ்ந்து, மேற்பரப்போடு மட்டமாக முடிந்துவிடும். நட்டு எல்லாம் உள்பக்கம். அந்தப் பக்கவாட்டைப் புள்ளி புள்ளியாகப் பதித்து வைத்தால் பார்க்கிறவர் அசந்துபோகலாம். ஆனால் அது வாரியர் ஆகாது.

வாரியர் 1859 மே மாதம் தேம்ஸ் நதிக்கரையில் பிளாக்வாலில் இருந்த தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ் என்ற கப்பல் கட்டும் தளத்தில் கட்டத் தொடங்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல். 1860 டிசம்பர் 29 அன்று நீரில் இறங்கி, 1861-இல் பணிக்கு வந்தது. வடிவமைத்தவர் ஐசக் வாட்ஸ். முழு நீளம் 420 அடி, அகலம் 58 அடி 4 அங்குலம், எடை 9,137 டன். மூன்று பாய்மரமும் நீராவி எஞ்சினும் சேர்ந்தே உண்டு. மாதிரி செய்பவர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி, கப்பல் இன்னும் இருக்கிறது. எண்ணெய் இறக்கும் தோணித்துறையாகப் பல வருடம் கிடந்து, 1979 முதல் ஹார்ட்டில்பூலில் புதுப்பிக்கப்பட்டு, 1987-இல் போர்ட்ஸ்மத் வந்து சேர்ந்தது. படம் வேண்டுமா, எந்தக் கோணத்திலும் கிடைக்கும்.

அதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. கிடைக்கிற படமெல்லாம் ஒரே காலத்தைக் காட்டுவதில்லை. 1861-இல் இருந்தது முன்வாயில் குண்டு ஏற்றும் 26 பீரங்கிகளும் (68 பவுண்டர், அதாவது 68 பவுண்டு எடைக் குண்டு சுடுபவை), பின்வாயில் குண்டு ஏற்றும் 10 ஆர்ம்ஸ்ட்ராங் 110 பவுண்டர்களும், 4 சிறிய 40 பவுண்டர்களும். 1860-களின் நடுவில் நடந்த மராமத்தில் அவற்றை எடுத்துவிட்டு 28 புதிய பீரங்கிகள் வைத்தார்கள். 1868-இல் ராயல் ஓக் என்ற கப்பலோடு மோதி முன்பக்கச் சிலை போனது. 1870-களில் பின்பக்கம் ஒரு மேல்தளம் புதிதாக முளைத்தது. ஆகவே, எந்த வருடத்துக் கப்பலைக் கட்டுகிறீர்கள் என்பதை முதல் நாளே தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவிடுங்கள். நான் எழுதியது 1861. அதற்குப் பிறகு வந்த எதுவும் என் கப்பலில் ஏறாது.

அளவு எடுப்பது

ஸ்கேலைத் தீர்மானிக்கும்முன் வாசல் கதவை அளந்துவிடுங்கள், கூடவே மாடித் திருப்பத்தையும். 1/48, அதாவது நிஜ அளவில் 48-இல் ஒரு பங்கு என்றால் கப்பல் 2.67 மீட்டர். அதைத் தண்ணீரில் அதன் சரியான கோட்டுக்கு மிதக்கவிட வேண்டுமானால் எடை 84 கிலோ இருக்க வேண்டும். ஆள் வைத்துத் தூக்க வேண்டிய சமாச்சாரம். 1/96 என்றால் 1.33 மீட்டர், அடக்கமாக இருக்கும். ஆனால் பீரங்கித் துளைகளின் உட்புறத்தை ஒழுங்காகக் காட்ட இடம் போதாது. 1/72-இல் 1.78 மீட்டர், அகலம் 247 மில்லிமீட்டர், மிதந்தால் சுமார் 25 கிலோ. இரண்டு பேர் சாதாரணமாகத் தூக்கலாம். முன்னால் நீளும் பாய்மரத் தண்டைச் சேர்த்தால் நீளம் இரண்டு மீட்டருக்கு மேல் போகும். அதனால் அந்தத் தண்டைக் கழற்றி மாட்டும்படி செய்வது உத்தமம்.

நான் பிழைப்புக்குச் செய்தது பேட்டர்ன் வேலை, அதாவது வார்ப்படத்துக்கு மர அச்சு செதுக்குவது. எங்கள் அளவுகோலே வேறு. வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும் என்பதால், கோலையே அந்த அளவு நீட்டிக் கோடு போட்டிருப்பார்கள். அடிக்கடி கணக்குப் போடாமல் கோலிலேயே கணக்கை ஏற்றி வைக்கும் அந்தப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவரலாம். ஒரு நேரான மரச்சட்டத்தில் 1270 மில்லிமீட்டர் அளந்து குறியுங்கள். 1/72-இல் அது சரியாக 300 அடி. 127 மில்லிமீட்டருக்கு 30 அடி. அதைப் பகுத்துப் பகுத்து ஓர் அடிக்கு ஒரு கோடு போட்டுவிட்டால், வரைபடத்தில் இருப்பதை மனக்கணக்கில்லாமல் நேராக எடுக்கலாம். ஓர் அடி 4.23 மி.மீ., ஓர் அங்குலம் 0.35 மி.மீ. இந்த இரண்டு எண்ணும் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும்.

வரைபடத்தைப் பெரிதாக்கி அச்சடித்து வாங்கும்போது நீளவாக்கில் ஒரு அளவும் குறுக்குவாக்கில் ஒரு அளவும் வருவது சகஜம். இரண்டு திசையிலும் கோல் வைத்துப் பாருங்கள். அப்புறம் இன்னொரு சோதனை: நடுவெட்டுப் படத்தின் அகலத்தை அளந்து, 247 மி.மீ. வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அந்தக் கோடுகள் தகட்டின் வெளி முகத்தைக் காட்டுகின்றன. குறைவாக வந்தால் உள் முகத்தைக் காட்டுகின்றன. இது தெரியாமல் ஃபிரேம் (கப்பலின் குறுக்கு விலா) வெட்டினால், மேலே ஒட்டும் மரப் பட்டையும் தகடும் சேர்ந்து கப்பலைப் பருக்க வைத்துவிடும். என் கணக்கில் பட்டை 3 மி.மீ., ஸ்டைரீன் (பிளாஸ்டிக்) தகடு கால் மில்லிமீட்டர். வெளி முகக் கோடாக இருந்தால் இந்த மூன்றேகால் மில்லிமீட்டரைச் சுற்றிலும் உள்ளே தள்ளி வெட்ட வேண்டும்.

உடல்

தண்டவாளம் மாதிரி நேராக இருக்க வேண்டியது கீல், அதாவது கப்பலின் அடிமுதுகெலும்பு. ஒரே 12 மி.மீ. பிளைவுட் பலகையை நம்பாதீர்கள். 6 மி.மீ. பலகை இரண்டை எடுத்து, எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்து, வளைவுகள் ஒன்றுக்கொன்று எதிராக இருக்கும்படி ஒட்டி, சமதளத்தில் பாரம் வைத்துக் காயவிடுங்கள். ஒன்றின் முறுக்கை மற்றது இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கீலில் இரண்டு இடத்தில் எட்டு மில்லிமீட்டர் நட்டுகளை எபாக்சிப் பசையில் புதைத்து வைப்பதும் இப்போதே செய்ய வேண்டியது. கப்பலை நிறுத்தும் பீடத்துக்கு போல்ட் போட அதுதான் இடம். பட்டை அடித்து மூடிய பிறகு உள்ளே கை போகாது.

ஃபிரேம்களை நிஜக் கப்பலின் 10 அடிக்கு ஒன்றாக, அதாவது 42.3 மி.மீ. இடைவெளியில் வைத்தேன். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தளத்துக்கு மேலே கால் நீட்டி, எல்லாக் கால்களும் ஒரே மட்டத்தில் முடியும்படி வெட்டிக்கொண்டு, கட்டும் பலகை மேல் கப்பலைக் குப்புறக் கவிழ்த்து நிறுத்த வேண்டும். நடுக்கோட்டில் ஒரு நூலை விறைப்பாகக் கட்டி, ஒவ்வொரு ஃபிரேமின் மையக் குறியும் நூலுக்கு நேராக வருகிறதா என்று மேலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். பசை காயும் முன் பார்ப்பதுதான் பார்வை.

முன்பக்கமும் பின்பக்கமும் வேறு விஷயம். வாரியரின் முன்பக்கம் பழைய பாய்மரக் கப்பல் பாணியில் வளைந்து முன்னால் நீளும், பின்பக்கம் உள்வாங்கி வெளியே தள்ளும். அந்த முறுக்கில் மரப் பட்டையைப் பணிய வைக்கப் போராடுவது வீண் வேலை. நேரான இழையுள்ள மென்மரத்தைப் பலகை பலகையாக, நீர்மட்டக் கோடுகளின் உருவத்துக்கு வெட்டி, அடுக்கி ஒட்டி, இழைப்புளியாலும் உளியாலும் செதுக்கிவிடுங்கள். பலகை அடுக்குகளின் ஒட்டுக்கோடே நீர்மட்டக் கோடாகத் தெரியும் என்பதால் வழி தவறாது. நடுவில் ஃபிரேமும் பட்டையும், இரண்டு முனையிலும் கட்டை. கலப்பு முறை என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும், வண்ணம் பூசிய பிறகு எது எங்கே என்று அவர்களால் காட்ட முடியாது.

பட்டை அடித்து முடித்ததும் மெல்லிய கண்ணாடியிழைத் துணியை நீர்த்த எபாக்சியில் தோய்த்து வெளியே போர்த்துங்கள். உள்ளேயும் எபாக்சி பூசுங்கள். இவ்வளவு நீளமான மரப்பொருள் ஈரத்துக்கும் வறட்சிக்கும் ஏற்ப அசைந்துகொண்டே இருக்கும். உள்ளும் புறமும் அடைத்துவிட்டால்தான் பின்னால் தகடு ஒட்டிய இடத்தில் விரிசல் வராது. பிறகு மட்டம் பார்ப்பது. கையளவு கட்டையில் உப்புத்தாள் சுற்றித் தேய்த்தால் பள்ளமும் மேடும் அப்படியே தங்கும். முழங்கை நீளத்துக்கு வளையக்கூடிய மரச்சட்டத்தில் உப்புத்தாளை ஒட்டி, கப்பலுக்குக் கோணலாகத் தேயுங்கள். சாம்பல் பிரைமர் (அடிப்பூச்சு) ஒரு கோட் அடித்து, அறை விளக்கை அணைத்து, டார்ச்சைக் கப்பலின் பக்கத்தோடு ஒட்டிப் பிடித்தால் நிழல் எல்லாவற்றையும் சொல்லிவிடும். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவிப் பார்ப்பதும் நல்ல வழி. பேட்டர்ன் கடையில் நாங்கள் அதைத்தான் கடைசித் தீர்ப்பாக வைத்திருந்தோம்.

கட்டும் பலகையிலிருந்து கப்பலைப் பிரிக்கும் நாள் கொஞ்சம் பதற்றமாகத்தான் இருக்கும். நிஜ வாரியருக்கும் அப்படித்தான். இறக்கிய அன்று கடும் உறைபனி, கப்பல் சறுக்குமேடையோடு உறைந்து நின்றுவிட்டது. இழுவைப் படகுகளும் ஹைட்ராலிக் ஜாக்கிகளும் வைத்துத்தான் நகர்த்தினார்கள். உங்கள் கப்பலில் ஃபிரேம் கால்களைப் பலகையோடு பசையால் ஒட்டாமல் திருகாணியால் பிடித்திருந்தால் ஜாக்கி தேவைப்படாது.

கவசம்: முதலில் ஒரு துண்டு

முழுக் கப்பலில் கை வைக்கும் முன், பக்கவாட்டின் ஒரு சின்னத் துண்டைத் தனியாகச் செய்து பழகுங்கள். இது என் யோசனை மட்டும் அல்ல. வாரியரின் பக்கவாட்டை அப்படியே ஒரு துண்டாகச் செய்து, ஷூபரினஸ் சோதனைத் திடலில் நிறுத்தி, 1861-இல் அதன்மேல் பீரங்கியால் சுட்டுப் பார்த்தார்கள். 20 அடிக்கு 10 அடித் துண்டு. நம் ஸ்கேலில் 85-க்கு 42 மில்லிமீட்டர், உள்ளங்கைக்குள் அடங்கும். அதில் ஒரு பீரங்கித் துளையும் வையுங்கள். தகடு ஒட்டுவது, பிரைமர், வண்ணம் வரை எல்லாவற்றையும் அதில் முடித்துப் பார்த்தால், நீங்கள் பயன்படுத்தும் பசையும் தகடும் ஒத்துப்போகின்றனவா என்பது தெரிந்துவிடும். அந்தத் துண்டை ஜன்னலோரம் வெயிலில் சில வாரம் வைத்துப் பாருங்கள். ஸ்டைரீன் வெப்பத்தில் மரத்தைவிட அதிகமாக நீளும். பெரிய தாளாக ஒட்டினால் குமிழ் எழும்பும், சின்னச் சின்னத் தகடாக ஒட்டினால் எழும்பாது. நல்லவேளையாக நிஜக் கப்பலும் சின்னச் சின்னத் தகடுதான்.

நிஜக் கவசம் நாலரை அங்குல இரும்பு, அதன் பின்னால் 18 அங்குலத் தேக்கு. முழுக் கப்பலையும் அது மூடவில்லை. நடுவில் 213 அடி நீளத்துக்கு மட்டும் ஒரு பெட்டிபோல இருந்தது. உயரம் 22 அடி: நீர்மட்டத்துக்கு மேல் 16, கீழே 6. நம் மாதிரியில் 902 மி.மீ. நீளம், 93 மி.மீ. உயரம், நீர்மட்டத்துக்குக் கீழே 25 மி.மீ. தகடு ஒன்று ஏறத்தாழ 15 அடி நீளம், 3 அடி உயரம், அதாவது 63.5-க்கு 12.7 மி.மீ. தகடுகளின் விளிம்புகளில் ஒன்றில் நாக்கும் மற்றதில் காடியும் வெட்டி ஒன்றுக்குள் ஒன்று பொருத்தியிருந்தார்கள். பழுது பார்க்கப் பெரும் தொல்லை என்று பின்னால் வந்த கப்பல்களில் அதைக் கைவிட்டார்கள். நமக்கு அதில் முக்கியம் ஒன்றுதான்: தகடுகளுக்கு நடுவே இடைவெளி கிடையாது.

இங்கேதான் பலரும் கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். தகட்டுக் கோடு தெரிய வேண்டும் என்று ஊசியால் கீறுகிறார்கள். 0.3 மில்லிமீட்டர் கீறல் என்பது நிஜத்தில் 22 மில்லிமீட்டர் சந்து! கட்டைவிரலே நுழைந்துவிடும் போலிருக்கும். கீறவே வேண்டாம். கால் மில்லிமீட்டர் ஸ்டைரீன் தாளில் தகடுகளை வெட்டி, விளிம்போடு விளிம்பு ஒட்ட வைத்து ஒட்டுங்கள். பிரைமரும் வண்ணமும் ஏறிய பிறகு, சரிவாக வெளிச்சம் விழும்போது மட்டும் ஒரு மெல்லிய கோடு தெரியும். நேராகப் பார்த்தால் தெரியாது. அவ்வளவுதான் வேண்டும்.

வெட்டுவதற்கு ஒரு சின்ன ஜிக், அதாவது அளவு மாறாமல் பிடித்துக்கொடுக்கும் சட்டம், செய்துகொள்ளுங்கள். கனமான பலகையில் 12.7 மி.மீ. தள்ளி ஒரு தடுப்புச் சட்டம், அதில் எஃகுக் கோலை அண்டக் கொடுத்துக் கத்தி. ஒரே அளவில் பட்டைகள் வந்துகொண்டே இருக்கும். தகட்டின் பின்பக்கத்தை 400-ஆம் எண் உப்புத்தாளால் லேசாகச் சுரண்டிய பிறகே கான்டாக்ட் பசை தடவுங்கள். இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும் அமுக்குங்கள். இந்தப் பசை ஒருமுறை பிடித்தால் நகர்த்தவிடாது. அதனால் முதல் வரிசையின் கோட்டைக் கப்பல் முழுக்கப் பென்சிலால் போட்டு, அதைப் பத்து அடி தள்ளி நின்று பார்த்து, வளைவு ஒழுங்காக ஓடுகிறது என்று மனம் ஒப்பிய பிறகு ஒட்டத் தொடங்குங்கள். செங்கல் சுவரில் வருவது போல ஒரு வரிசையின் இணைப்பு மேல் வரிசையின் இணைப்புக்கு நேராக வரக்கூடாது.

கவசத்துக்குக் கீழே, நீருக்குள் இருக்கும் உடலுக்குச் சாதாரண இரும்புத் தகடு. அங்கே வரிசைகளின் மேற்படிதலை இன்னும் மெல்லிய தாளால் லேசாகக் காட்டலாம். இரண்டு பக்கமும் உருளலைக் குறைக்கும் பக்கக் கீல்கள் உண்டு, மறந்துவிடாதீர்கள். சரி, ரிவெட்டே வேண்டாமா என்றால், புகைபோக்கிகளில் வையுங்கள். டிராயரில் பூட்டிய பல்சக்கரத்தை அதற்கு வெளியே எடுக்கலாம். அந்தப் புகைபோக்கிகள் இரண்டில் ஒவ்வொன்றும், மேல்குழாய் கீழ்க்குழாய்க்குள் இறங்கும்படி செய்தது. பாய் விரித்து ஓடும்போது காற்றுக்குத் தடையாக இருக்கக் கூடாதென்று இறக்கிவிடுவார்கள். மாதிரியிலும் ஒவ்வொன்றையும் இரண்டு குழாயாகச் செய்தால், எப்படி நிறுத்துவது என்பதைக் கடைசியில் முடிவு செய்துகொள்ளலாம்.

பீரங்கித் துளைகள்

பார்க்கிறவர் கண் முதலில் போய் நிற்கும் இடம் இது. முதலில் 46 அங்குல அகலத்துக்குத் திட்டமிட்ட துளையை, பீரங்கி வண்டி துளைக்கு அருகிலேயே திரும்பும்படி மாற்றியதால் 24 அங்குலமாகக் குறைத்துவிட்டார்கள். நமக்கு எட்டரை மில்லிமீட்டர். சின்னதுதான், ஆனால் அதன் வழியாக உள்ளே பார்த்தால் சுவரின் கனம் தெரியும். அங்கேதான் மாதிரி பிழைக்கும் அல்லது மாட்டிக்கொள்ளும். நாலரை அங்குல இரும்பு 1.6 மி.மீ., 18 அங்குலத் தேக்கு 6.35 மி.மீ. இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர். உங்கள் உடலின் பட்டையும் தகடும் சேர்ந்து மூன்றேகால்தான். துளையை வெட்டிவிட்டு அப்படியே விட்டால் தகர டப்பாவில் ஓட்டை போட்டது போல இருக்கும். கவசக் கப்பல் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

ஒவ்வொரு துளைக்கும் உள்ளே 8 மி.மீ. ஆழத்துக்கு ஒரு பெட்டிச் சட்டம் வேண்டும். துளையின் அளவுக்குச் சரியாக இழைத்த ஒரு கடின மரக் குச்சி செய்துகொள்ளுங்கள். நான்கு மூலையும் மூலமட்டத்துக்குச் சுத்தமாக இருக்க வேண்டும். குச்சியில் மெழுகு தடவி, அதைச் சுற்றி அரை மில்லிமீட்டர் ஸ்டைரீன் பட்டை நான்கை ஒட்டி, நீளமான சதுரக் குழாயாக உருவி எடுங்கள். பிறகு குழாயை 8 மி.மீ. துண்டுகளாக நறுக்கினால் எல்லாச் சட்டமும் ஒரே அச்சில் கிடைக்கும். உடலில் துளையை சட்டத்தின் வெளி அளவுக்கு வெட்டி, அதே குச்சியில் சட்டத்தைக் கோத்துச் சொருகுங்கள். ஒவ்வொன்றும் தளத்துக்கு இணையாக நிற்க வேண்டும். கப்பலின் பக்கம் வளைவதைப் பார்த்துக் கை தானாகவே சட்டத்தைச் சாய்க்கும், குச்சியின் வால் நீளமாக இருந்தால் சாய்வு உடனே கண்ணில் படும். பசை காய்ந்ததும் வெளியே நீட்டும் விளிம்பைத் தட்டை அரத்தால் தகட்டோடு மட்டமாக்கி, முதல் 1.6 மில்லிமீட்டருக்குக் கருப்பும் அதற்கு உள்ளே மரநிறமும் பூசிவிடுங்கள். இரும்பும் தேக்கும் இரண்டும் தெரியும். துளைக்குப் பின்னால் தளம் முழுக்க மங்கலான கருஞ்சாம்பல் பூசியிருந்தால் கண் அதற்கு மேல் உள்ளே போகாது.

பீரங்கிகளை ஒவ்வொன்றாகக் கடைய வேண்டியதில்லை. 68 பவுண்டரின் குழல் 10 அடி, நமக்கு 42 மி.மீ., வாய் 8.12 அங்குலம், அதாவது 2.9 மி.மீ. பித்தளையில் ஒன்றை லேத்தில் ஆசையாகக் கடைந்து, சிலிக்கோன் அச்சு எடுத்து, மற்றதை ரெசினில் (ஊற்றினால் இறுகும் பிசின்) வார்க்கலாம். குழலை நிமிர்த்தி நிறுத்தி, கனத்த பின்பக்கம் கீழே, வாய்ப்பக்கம் மேலே இருக்கும்படி அச்சு எடுங்கள். ரெசின் கீழிருந்து நிரம்பி, காற்றுக் குமிழி வாய்க்கு மேலே விட்டிருக்கும் கழிவுத் துண்டில் போய்த் தங்கும். அதை நறுக்கி எறிந்துவிட்டு வாயைத் துளைபோடும் இயந்திரத்தில் குடைந்துகொள்ளலாம். குழலைப் பிடிக்க ஒரு மரக் கவ்வி செய்துகொண்டால் துளை நடுவில் விழும். ஆர்ம்ஸ்ட்ராங் 110 பவுண்டருக்கு வேறு மூலம் கடைய வேண்டும். அதன் குழல் வளையம் வளையமாகப் படிகட்டி இருக்கும், 68 பவுண்டரின் வழுவழுப்பான சரிவு அதில் இல்லை. மேல்தளத்தில் திறந்த வெளியில் நிற்பவற்றுக்கு முழு வண்டியும் கயிறும் செய்யுங்கள். உள்தளத்தில் துளை வழியாக வாய் மட்டும் தெரிபவற்றுக்குப் பாதிக் குழல் போதும். உள்ளே இருப்பது உங்களுக்குத் தெரியும் என்று முழுதாகச் செய்தால் நான் தடுக்கப் போவதில்லை, ஆனால் இந்தக் கப்பல் முடியாமலே நிற்கும்.

சுழல்விசிறி

கப்பலைத் தண்ணீரில் தள்ளும் இந்த விசிறியைக் கடையில் வாங்காதீர்கள். இரண்டு இலை, 24 அடி 6 அங்குல விட்டம், மாதிரியில் 104 மி.மீ. பாய் விரித்து ஓடும்போது அதைத் தூக்கி மேலே வைத்துக்கொள்ள பின்பக்கத்தில் ஒரு கிணறே இருந்தது. பேட்டர்ன் கடையில் விசிறிக்கு ஒரு பழைய வழி உண்டு. மெல்லிய பலகைப் பட்டைகள் பலவற்றின் நடுவில் துளையிட்டு, ஒரு கம்பியில் கோத்து, ஒவ்வொன்றையும் கீழே உள்ளதைவிடச் சில பாகை திருப்பி ஒட்டுவோம். மாடிப்படி போல ஒரு முறுக்கு கிடைக்கும். பிறகு படிகளின் மூலைகளை உளியாலும் அரத்தாலும் எடுக்க வேண்டும். ஒவ்வொரு படியின் உள்மூலையும் மறையும் கணத்தில் நிறுத்தினால், அந்தப் பரப்பே இலையின் சரியான முறுக்கு. கண்ணளவுக்கு வேலையே இல்லை. மறுபக்கத்தையும் அப்படியே எடுத்து, இலையின் விளிம்பை மெலிய வைத்து, மெருகிட்டு, வெண்கல நிறம் பூசுங்கள். ஒரு பட்டையில் இரண்டு இலையும் எதிரெதிரே வந்துவிடுவதால், இரண்டு இலை விசிறிக்கு இது இன்னும் சுலபம். பின்தூணுக்கு நேராக, இலைகளைச் செங்குத்தாக நிறுத்தி ஒட்டிவிட்டால் பார்க்க அழகு.

தளம், பாய்மரம், கயிறு

தளத்துப் பலகை பற்றிச் சொல்ல அதிகமில்லை. படத்தில் உள்ள அகலத்துக்கு மரப்பட்டை வெட்டி, ஒரு விளிம்பில் கரும்பென்சில் தடவி ஒட்டினால் தார்க்கோடு வந்துவிடும். கருப்பு நூல் வைக்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம், மறுபடியும் 72-ஆல் பெருக்கிப் பாருங்கள்.

பாய்மரத்துக்கு உருண்டைக் குச்சி வாங்கினால் பாதி வளைந்திருக்கும். நேர் இழையில் பிளந்த கட்டையைச் சதுரமாக இழைத்து, முனை நோக்கி மெலிய வைத்து, பிறகு எட்டுப் பட்டையாக்குங்கள். சதுரத்தின் ஒரு பக்கத்தை 24 பங்காக வைத்துக்கொண்டால் 7, 10, 7 என்று பிரிக்கும் இடத்தில் கோடு. அந்தக் கோடுவரை மூலையை எடுத்தால் எண்கோணம். அதிலிருந்து பதினாறு, அப்புறம் உப்புத்தாளால் உருண்டை.

கயிற்றுக்கு வரும்போது ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் பட்டியல்களில் கயிற்றின் அளவு விட்டம் அல்ல, சுற்றளவு. 10 அங்குலக் கயிறு என்று போட்டிருந்தால் 3.14-ஆல் வகுக்க வேண்டும், 3.2 அங்குல விட்டம், நமக்கு 1.1 மி.மீ. இதை விட்டம் என்று நினைத்துக் கட்டிய மாதிரிகள் கண்காட்சிகளில் நிறைய உண்டு. பார்த்தவுடன் தெரியும், வடம் எல்லாம் மூன்று மடங்கு. பருத்தி நூலில் பிசிறு எழும், பாலியெஸ்டர் நூலை முறுக்கிக் கயிறாக்குவது மேல். நிலையாக நிற்கும் கயிறுகள் கருமை, ஓடும் கயிறுகள் வெளிர் பழுப்பு. நடுவிலிருந்து வெளியே, கீழிருந்து மேலே என்று கட்டிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் கை நுழைய இடம் இருக்காது. பாய் விரிக்க வேண்டாம் என்பது என் கட்சி. இந்த ஸ்கேலில் துணி எப்போதும் கனமாகவே தெரியும், தவிர அத்தனை உழைத்த தளத்தையும் மறைத்துவிடும்.

வண்ணமும், மூடிவைக்கும் கூடும்

உடல் கருப்பு. ஆனால் டப்பாவைத் திறந்து அப்படியே அடிக்கும் கருப்பு அல்ல. இரண்டு மீட்டர்ப் பொருளில் முழுக் கருப்பு அடித்தால் உருவமே தெரியாமல் ஓர் இருட்டுப் பொட்டலமாகிவிடும், தகட்டுக் கோட்டுக்காகப் பட்ட பாடும் போச்சு. கருப்போடு கொஞ்சம் சாம்பலும் துளி பழுப்பும் கலந்து, அரைப் பளபளப்பில், மெல்லிய கோட்டுகளாக ஸ்பிரே செய்யுங்கள். பளபளப்பு கூடினால் பொம்மை, அறவே இல்லாவிட்டால் கரும்பலகை. துரு, உப்புக் கறை எல்லாம் அள்ளிப் பூசுவது இப்போது ஒரு மோகம். 1861-இல் புத்தம்புதுப் போர்க்கப்பல், எழுநூறு பேர் ஏறியிருந்தது, தேய்த்துத் துடைக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. நங்கூரச் சங்கிலி உரசும் இடத்தில் லேசாகத் தொட்டால் போதும்.

கூடு கட்டாயம் வேண்டும். கயிற்றில் தூசி படிந்தால் எடுக்கவே முடியாது. அக்ரிலிக் கூடு என்றால் அடியில் காற்றுப் போக நான்கு மூலையிலும் துளை விட்டு, மெல்லிய வலை ஒட்டுங்கள். மூடிய கூட்டுக்குள் மரமும் பசையும் வண்ணமும் விடும் ஆவி தங்கி, ஈயத்தில் செய்த சின்ன உருப்படிகளை வெள்ளைத் தூளாக அரித்துவிடும். ஈயத்தை ஆரம்பத்திலிருந்தே ஒதுக்கிவிடுவது நல்லது. பாரம் வேண்டுமானால் இரும்புத் துண்டை எபாக்சியில் மூடிவையுங்கள். கூட்டின் உள்நீளத்தை முன்தண்டு மாட்டிய நிலையில் அளந்து, இரண்டு பக்கமும் ஒரு கை நுழையும் அளவு கூட்டிக்கொள்ளுங்கள். கூட்டை மேலே தூக்கிக் கழற்றுவதாக இருந்தால், அறையின் கூரை உயரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.